வாயை மூடிக் கற்பித்தல்

எங்கள் தாளாளருக்கு அவ்வப்போது பள்ளிக்கூடத்தை முன்னேற்றும் ஆசை வரும். போன தடவை வந்தபோது கழிப்பறைக் கதவை மாற்றாமல் வாசலில் வளைவு கட்டினார். அதற்கு முந்தைய தடவை பிள்ளைகளின் சீருடை நிறத்தை மாற்றினார். இந்த வருடம் ஆசை சற்றுப் பலமாகவே வந்துவிட்டது. ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆலோசகர் என்றால் தனியார் பள்ளிகளுக்குப் போய், பாடம் நடத்துவது எப்படி என்று டீச்சர்களுக்குச் சொல்லித்தருகிறவர். அவர் பாடம் நடத்தியிருக்கிறாரா என்று கேட்கக் கூடாதாம். எனக்கு அது தெரியாமல் கேட்டுத் தொலைத்தேன். நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். கேள்வி கேட்டால் பதில் வரும் என்று நம்புகிற வயதுப் பிள்ளைகளோடேயே காலம் தள்ளியதில் எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் ஆலோசகர். கன்னத்தில் மைக்கை ஒட்டியிருந்தார். அந்த அறையில் இருமினாலே கடைசி வரிசைக்குக் கேட்கும். "நான் ஒரு நாள்கூட கிளாஸ் எடுத்ததில்லை. அதுதான் என் பலம். சமைக்கிறவங்க மூக்குக்கு வாசனை தெரியாது மேடம். வெளியில நிக்கிறவனுக்குத்தான் தெரியும். நான் வெளியிலயே நின்னவன்."

தாளாளர் கைதட்டினார். ஆகவே தலைமையாசிரியை கைதட்டினார். ஆகவே நாங்கள் எல்லோரும் தட்டினோம்.

முதல் நாள் பயிற்சியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொருவரும் தன்னை ஒரு வீட்டுச் சாமானாக நினைத்துக்கொண்டு அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். தலைமையாசிரியை எழுந்து, தான் ஒரு மெழுகுவத்தி என்றும், உருகி உருகி வெளிச்சம் தருவதாகவும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்கு மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு "முக்காலி" என்றார். உட்கார நாற்காலி கிடைக்காமல் அவர் அப்போது அதில்தான் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. துடைப்பம் என்றேன்.

ஆலோசகர் கண்ணை மூடித் திறந்தார். "ஆழமா இருக்கு. உங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு பெருக்காமலே கிடக்கு, மேடம்."

"ஆமா சார், என் கிளாஸ்ரூம். ஆயா நேத்துலேர்ந்து லீவு."

இதை அவர் தன் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டார். எனக்கு அன்றே சனி பிடித்துவிட்டது என்று கணக்கு மாஸ்டர் பிறகு சொன்னார்.

மத்தியானம் பெயர்களை மாற்றினார்கள். இனிமேல் பிள்ளைகள் பிள்ளைகள் இல்லை, கற்றல் பயணிகள். நாங்கள் டீச்சர்கள் இல்லை, வழித்துணைகள். பரீட்சைக்குக் கொண்டாட்டம் என்று பெயர். 'தப்பு' என்ற சொல்லை வளாகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது. ஒரு பிள்ளை இரண்டும் இரண்டும் ஏழு என்று சொன்னால், "அப்படியும் ஒரு பார்வை இருக்கு" என்று சொல்ல வேண்டும். கணக்கு மாஸ்டருக்கு அங்கேயே வியர்த்துவிட்டது. முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு பார்வை வர வேண்டியிருக்கிறது.

சாயங்காலம்தான் விஷயத்துக்கு வந்தார். "டீச்சர் பேசற ஒவ்வொரு நிமிஷமும் பிள்ளைகிட்டேர்ந்து திருடின நிமிஷம். வாயை மூடிக் கற்பிங்க. உங்க மௌனத்துலேர்ந்து அவங்க கத்துக்குவாங்க." இதைச் சொன்னவர் காலையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார். நடுவில் டீ வந்தபோதும் நிறுத்தவில்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். ஒன்றும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வகுப்புகளை அளக்க ஆரம்பித்தார்கள். ஆலோசகரின் உதவியாளராக ஒரு பெண் வந்தாள். கையில் ஸ்டாப்வாட்ச். டீச்சர் வாயைத் திறந்தால் அமுக்குவாள், மூடினால் மறுபடி அமுக்குவாள். நாங்கள் அவளுக்கு டிக்டிக் என்று பெயர் வைத்தோம். நல்ல பெண்தான். சம்பளத்துக்கு அமுக்குகிறாள். ஆனால் ஒரு நாள் நான் தும்மியதையும் கணக்கில் சேர்த்தாள். "வாய் திறந்துச்சே மேடம்" என்றாள்.

பள்ளிக்கூடம் முழுவதும் ஊமை நாடகம் நடந்தது. அறிவியல் டீச்சர் ஜீரண மண்டலத்தைச் சைகையிலேயே நடத்தினார். உணவுக்குழாய் வரைக்கும் கௌரவமாகப் போனது. அதற்குக் கீழே போகப்போக வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளைகள் சிரித்ததால் அவருக்கு 'மகிழ்ச்சி மதிப்பெண்' கூடுதலாகக் கிடைத்தது. கணக்கு மாஸ்டர் கழித்தலைக் காட்டுவதற்காக மேஜையிலிருந்து பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார். கடைசியாகப் போட்டது அவருடைய மூக்குக்கண்ணாடி.

எனக்கு இந்தக் கூத்தில் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பட்டாணி இருந்தாள்.

பட்டாணி என் வகுப்பில் படிக்கிற சிறுமி. உருண்டை முகம், எப்போதும் எதன் அடியிலாவது உருண்டு போய்க் கிடப்பாள், அதனால் அந்தப் பெயர். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புத் துவைக்கிறவள். பிள்ளையை எங்கள் பள்ளியில் சேர்த்த அன்று என்னிடம் வந்து, "எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். துணி மூட்டையில எழுதியிருக்கறதை நிறத்தை வச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன். இவளுக்கு அந்தப் பாடு வேணாம். ரெண்டாங்கிளாஸ் முடியறதுக்குள்ள படிக்க வச்சுடுங்க, போதும்" என்றாள். ஆண்டு முடிவில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளச் சொல்வது எங்கள் பள்ளியின் வழக்கம். பள்ளியின் பெயர் கெடக் கூடாதல்லவா.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பட்டாணியை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, நான் சத்தத்தைச் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொல்வாள். தனி எழுத்துகள் வந்துவிட்டன. கொம்பு வந்தால் மட்டும் மாடு மாதிரி நின்றுவிடுவாள்.

"டீச்சர், சத்தம் பின்னாடிதானே வருது? அப்பறம் ஏன் கொம்பை முன்னாடி எழுதறாங்க?"

நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. "அது முன்னாடியே போய் இடம் பிடிச்சு வைக்குது. பஸ்ல பை போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. எழுத்து வந்து உக்காந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து பேசுவாங்க" என்றேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து கொம்பைப் பார்த்தால் "இடம் பிடிக்க வந்தாச்சு" என்பாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் படித்திருப்பாள். அந்தக் கொஞ்ச நாளில்தான் ஆலோசகர் வந்து சேர்ந்தார்.

எழுத்தின் சத்தத்தைச் சொல்லாமல் எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நான் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். பட்டாணி பார்த்தாள். நான் கண்ணை விரித்தேன். அவளும் விரித்தாள். "டீச்சருக்குப் பல் வலிக்குதா?" என்று கேட்டாள். பொறுக்க முடியாமல் வாயைத் திறந்து சத்தத்தைச் சொன்னேன். பின்வரிசையில் டிக்கென்று கேட்டது.

ஆலோசகரிடமே போய்க் கேட்டேன். "சார், எழுத்தோட சத்தத்தை நான் சொல்லலைன்னா பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"அருமை. அருமை. இந்தக் கேள்வியோட கொஞ்ச நாள் வாழ்ந்து பாருங்க."

நான் ஏற்கெனவே மாமியாரோடு வாழ்கிறேன். வீட்டில் கேள்விக்கு இடமில்லை.

வாரக் கடைசியில் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே மதிப்பெண் பலகை மாட்டினார்கள். எல்லோருக்கும் கீழே நான். தண்ணீர் குடிக்க வந்த ஐந்தாம் வகுப்புப் பையன் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை நல்லா பண்ணுங்க டீச்சர்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் சைகைகளைப் பழகிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். நான் தண்ணீர் கேட்டுக் கையைக் காட்டினால் உப்பை எடுத்துக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, நீ பேசாம இருக்கறதுக்கு ஒருத்தன் பயிற்சி குடுக்கறானா? இத்தனை வருஷமா எங்க இருந்தான் அவன்?"

"கேலி பண்ணாதீங்க. அந்தப் பிள்ளைக்குப் படிக்க வரலைன்னா வெளியில அனுப்பிடுவாங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அப்ப பேசு. அவன் என்ன மயிரைப் புடுங்குவான்?" என்றார். மாமியார் உள்ளேயிருந்து, "வாயைக் கழுவு" என்று அதட்டினார். ஆனால் எனக்கென்னவோ மாமியார் சொன்ன தோரணையிலும் மகன் பக்கம் சாய்வதுதான் தெரிந்தது.

பேசினேன். மாட்டிக்கொண்டேன். 'வளர்ச்சி உரையாடல்' என்று அறைக்குள் கூப்பிட்டார்கள். ஆலோசகர், தலைமையாசிரியை, தாளாளர் மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம். எனக்கு ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, மனம் கனத்தால் பிசைந்துகொள்ளச் சொன்னார்கள்.

"சார், ஒரு பிள்ளைக்கு இன்னும் படிக்க வரலை. வருஷம் முடியப்போகுது. அதனாலதான்" என்றேன்.

ஆலோசகர் கையை உயர்த்தினார். "'படிக்க வரலை'ன்னு சொல்லாதீங்க மேடம். படிப்பு அவளை நோக்கி வந்துகிட்டிருக்கு."

"எந்த வண்டியில வருது சார்?"

தலைமையாசிரியை மெழுகுவத்தி அணைந்ததுபோல் ஆனார். தாளாளர் என் கையிலிருந்த பந்தை வாங்கி அவரே பிசைந்துகொண்டார். எனக்கு ஒரு வாரம் மீட்புப் பயிற்சி என்று முடிவானது. ஆலோசகரின் அலுவலகத்துக்குப் போய்க் கண்ணாடி முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த வாரம் என் வகுப்புக்கு மாற்று டீச்சர் போடவில்லை. ஒரு வாரம்தானே, ஆயா எட்டிப் பார்த்துக்கொள்வாள் என்று தாளாளர் சொல்லிவிட்டார். ஆயா லீவிலிருந்து இன்னும் வரவில்லை என்பதை அவர் மறந்துவிட்டார். பிள்ளைகள் பெஞ்சை அடுக்கி மலை கட்டினார்கள். ஒருவன் சாக்பீஸை மூக்குக்குள் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய் வந்தான். இதற்கு நடுவில் டிக்டிக் தன் முறைப்படி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அளந்துவிட்டுப் போனாள்.

நான் திரும்பி வந்த அன்று வாசலில் தலைமையாசிரியை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். குழாய்ப் பலகையில் என் பெயர் எல்லோருக்கும் மேலே இருந்தது. டீச்சர் பேச்சு: பூஜ்யம். பிள்ளைகள் பேச்சு: நூற்றுக்கு நூறு. ஆலோசகரின் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து எந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு மதிப்பெண் வந்ததில்லையாம்.

டிக்டிக்கைத் தனியாகப் பிடித்தேன். "ஏம்மா, நான் கிளாஸ்லயே இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். ஆனா டீச்சர் இருக்காங்களான்னு குறிக்க இடமே குடுக்கலையே. அவங்க அளக்கச் சொன்னதை மட்டும்தான் நான் அளப்பேன்."

ஆலோசகரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல ஒரு பிரகாசம் வந்தது.

"புரியுதா மேடம்? வழித்துணையோட உச்சநிலை இதுதான். நீங்க மௌனத்தையும் தாண்டிப் போயிட்டீங்க. இல்லாமையே ஒரு கற்பித்தல்!"

அதற்கப்புறம் என்னை என் வகுப்புக்குள் விடவில்லை. "நீங்க உள்ள போனா முடிவு கெட்டுடும்" என்றார் ஆலோசகர். வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டார்கள். வேறு பள்ளிகளிலிருந்து ஆட்கள் வந்து ஜன்னல் வழியாக என் வகுப்பைப் பார்த்தார்கள். உள்ளே பிள்ளைகள் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "என்ன ஒரு ஈடுபாடு" என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு என்னிடம் வந்து இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்கப் போனால் ஆலோசகர், "பாருங்க, அவங்க பேச மாட்டாங்க" என்று என்னைக் கண்காட்சிப் பொருளாகக் காட்டுவார்.

தாளாளர் வியாபாரி. அவருக்கு எதுவும் சீக்கிரம் புரிந்துவிடும். "ஒரு டீச்சர் ஒரு கிளாஸுக்கு வெளியில உக்காந்திருக்கலாம்னா, அதே நாற்காலியில உக்காந்து மூணு கிளாஸுக்கு வெளியில இருக்கலாமே?" என்று கேட்டார். தொலைநோக்கு என்றார் ஆலோசகர். அந்த மாதமே கணக்கு மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவருக்குப் பூங்கொத்தும், 'புதிய பயணத்துக்கு வாழ்த்துகள்' என்று அச்சடித்த கோப்பையும் கொடுத்தார்கள். மனுஷன் கோப்பையை என் நாற்காலிக்கடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பட்டாணி ஜன்னலுக்கு வருவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், உள்ள வாங்க" என்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். ஒரு நாள் ஜன்னல் வழியாக ஒரு எழுத்தைக் காட்டிக் கேட்டேன். தெரிந்த எழுத்துதான். அவளுக்கு மறந்துபோயிருந்தது. தினமும் காலையில் ஆலோசகரின் ஆட்கள் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொடுத்த வாசகத்தை அவள் சொன்னாள். கையை மேலே தூக்கி, சிரித்துக்கொண்டே: "எனக்கு இன்னும் வரலை, ஆனா வந்துகிட்டிருக்கு!"

ஆண்டு முடிவில் பெற்றோர் விழா. பந்தல், சோபா, பெரிய திரை எல்லாம் உண்டு. பட்டாணியின் அம்மா வேலை உடுப்போடேயே வந்து மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கையில் சோப்புத் தண்ணீரின் சுருக்கம் இன்னும் போகவில்லை.

தாளாளர் பேசினார். "டீச்சர் இல்லாத கிளாஸ்தான் நல்ல கிளாஸ்னு நாங்க நிரூபிச்சிருக்கோம். வர்ற வருஷம் பள்ளிக்கூடம் முழுக்க இதைக் கொண்டுவருவோம். தரம் ஏறியிருக்கறதால கட்டணம் கொஞ்சம் ஏறும். தரம்னா அப்படித்தான்."

கைதட்டினார்கள். ஆலோசகர் எழுந்தார். "உங்க பிள்ளைங்களுக்குப் பதில் தெரியாது. இதை நான் பெருமையா சொல்றேன். பதில் தெரிஞ்ச பிள்ளை நின்னுடும். தெரியாத பிள்ளை போய்க்கிட்டே இருக்கும்." அதற்கும் கைதட்டினார்கள். கட்டணம் கட்டிய கைகள். வேறென்ன செய்யும்?

பிறகு மாதிரி வகுப்பு என்று பெயர் வாங்கிவிட்ட என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை மேடைக்கு அழைத்தார்கள். ஆலோசகர் சும்மா கண்ணை ஓட்டி, முன்வரிசையில் இருந்ததிலேயே அழகாகச் சிரித்த முகத்தைக் காட்டினார். பட்டாணி.

எழுந்தேன். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

திரையில் ஒரு வரி வந்தது. 'கொக்கு மீனைத் தேடுகிறது.' பட்டாணி அதைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. முதல் எழுத்திலேயே கொம்பு. அவள் கண் என்னைத் தேடியது. கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பந்தலில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அவள் அம்மா இருக்கை நுனிக்கு வந்துவிட்டாள்.

பட்டாணி கையை மேலே தூக்கினாள். "எனக்கு இன்னும் வரலை, ஆனா வந்துகிட்டிருக்கு!"

பந்தல் அதிர்ந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆலோசகர் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கி, சட்டையில் தங்க நிறத்தில் ஒரு ரிப்பன் பட்டையைக் குத்திவிட்டார். மூன்றாம் வகுப்புக்கு அவள் போவதாக மேடையிலேயே அறிவித்தார்கள். வெளியே அனுப்புகிற பயம் போயிற்று. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். பட்டாணியின் அம்மாவும் எல்லோரையும் பார்த்து எழுந்து தட்டினாள். காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது எனக்கு. பந்தலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள்.

கூட்டம் கலையும்போது இரண்டு பேரும் என்னைத் தேடி வந்தார்கள்.

"டீச்சர், இவ படிச்சுட்டா இல்ல? எல்லாரும் தட்டினாங்களே" என்றாள் அம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது. பட்டாணி சட்டையை முன்னால் இழுத்து, தலையைக் குனிந்து பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் குனிந்து பார்த்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, ஒன்றாக என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"டீச்சர், இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள் பட்டாணி.

'வெற்றி வாசகி' என்று எழுதியிருந்தது.

"இல்லம்மா. இவ இன்னும் படிக்கலை" என்றேன் அம்மாவிடம். "தினமும் சாயங்காலம் நீ வேலை முடிஞ்சு வர்றவரைக்கும் இவ எங்க வீட்டுல இருக்கட்டும்."

அம்மாவின் முகம் வாடியது. நான் கம்பளத்தின் மேல் மண்டி போட்டு உட்கார்ந்து, பட்டையில் முதல் எழுத்துக்கு அடியில் விரலை வைத்தேன்.

"இது யாரு?"

பட்டாணி உற்றுப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. "இடம் பிடிக்க வந்தது."

"யாருக்கு?"

எனக்குப் பின்னால் டிக்கென்று கேட்டது. டிக்டிக் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆலோசகர், அவருக்குப் பின்னால் தாளாளர். நான் திரும்பவில்லை.

"வ சொல்லு. வ. இப்ப கொம்பையும் கூட்டிக்கிட்டு வா. வெ. நான் சொல்றேன், நீயும் கூடவே சொல்லு. வெ..."

"வெ" என்றாள் பட்டாணி. அவளுக்குப் பக்கத்தில், உதட்டை மட்டும் அசைத்து, அவள் அம்மாவும் சொன்னாள்.